கடல் காணாத நாடு: கிர்கிஸ்தானின் நீரும் மாந்தரும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழும் நமக்குக் கடலே இல்லாத ஒரு நாட்டை மனக்கண்ணிற் காண்பது எளிதன்று. வடக்கே கஸகஸ்தான், மேற்கே உஸ்பெக்கிஸ்தான், தென்மேற்கே தாஜிகிஸ்தான், கிழக்கே சீனம் என நான்கு நாடுகளுக்கு நடுவே, எத்திசையிற் புறப்பட்டாலும் முதலில் அயலான் வாயிலையே தட்டவேண்டிய நிலையில் அமைந்திருக்கிறது கிர்கிஸ்தான். 1991ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியம் கலைந்தபோது தனிநாடாகிய பதினைந்து குடியரசுகளுள் இதுவும் ஒன்று. உலகச் செய்திகளில் இதன் பெயர் அடிபடுவது அரிது. அடிபடும்போதும், அங்கே அரசு கவிழ்ந்தது என்றோ, எல்லையிற் சண்டை மூண்டது என்றோ நான்கு வரிகளில் முடிந்துவிடும்.

ஆயினும் இச்சிறு நாட்டின் கதை ஊன்றிக் கற்கத்தக்கது என்பது என் துணிபு. அந்நாட்டின் தலையாய செல்வங்கள் இரண்டு. மலையிற் பிறக்கும் நீர் ஒன்று. உழைக்கவல்ல மாந்தர் மற்றொன்று. இவ்விரண்டும் மலையிறங்கிப் பிறநாடுகளுக்கே சென்று பயன்படுகின்றன. இங்ஙனம் தன் முதலைப் பிறரிடத்து விட்டு, அதன் வருவாயைக் கொண்டு வாழும் ஒரு நாடு, பெற்ற சுதந்திரத்தை எவ்வாறு பேணிக்கொள்ளும்? இவ்வினாவை மனத்திற்கொண்டே அந்நாட்டின் நிலத்தையும் மக்களையும் பொருளையும் அரசையும் ஈண்டு நோக்க விரும்புகிறேன்.

மலைகள் வகுத்த நிலம்

கிர்கிஸ்தானின் பரப்பு ஏறக்குறைய 2 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் மூன்று மடங்கு. மக்கள்தொகையோ 70 இலட்சத்துக்குச் சற்று மேல். நம் நாட்டினரில் மூன்றில் ஒரு பங்கினர். நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு மலை. தியன்-ஷான் மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு நாட்டை நிறைத்து நிற்கிறது. சீன எல்லையிலுள்ள ஜெங்கிஷ் சொக்குசு என்னும் சிகரம் 7,439 மீற்றர் உயரமானது. சோவியத் காலத்தில் அதற்கு 'வெற்றிச் சிகரம்' என்று பெயர்.

கடலில்லாத இந்நாட்டுக்கு இயற்கை ஓர் ஏரியை ஈடாக வழங்கியிருக்கிறது. இசிக்-குல் என்பது அதன் பெயர். 'வெப்பமான ஏரி' என்று பொருள். கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீற்றர் உயரத்தில், 180 கிலோமீற்றர் நீளமும், மிக ஆழமான இடத்தில் 668 மீற்றர் ஆழமும் கொண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு, சுற்றியுள்ள மலைகளெல்லாம் பனிமூடிக் கிடக்கும் கடுங்குளிர்காலத்திலும் உறைவதில்லை. பல ஆறுகள் அதனுட் பாய்கின்றன. ஆனால் அதிலிருந்து வெளியேறும் ஆறு ஒன்றேனும் இல்லை. நீரிற் சிறிது உப்புச்சுவையும் உண்டு. நாட்டிற் பிறக்கும் நீரில் வெளியேறாது தங்குவது இவ்வேரியில் வீழும் நீரும், இதனையொத்த சில சிற்றேரிகளின் நீருமே. எஞ்சியதன் பெரும்பகுதி அயல்நாடுகளை நோக்கி ஓடிவிடுகிறது.

மலைகள் நாட்டை அயலாரிடமிருந்து மட்டுமன்றி, நாட்டவரைத் தம்முள்ளும் பிரித்து வைத்திருக்கின்றன. தலைநகராகிய பிஷ்கெக் வடக்கே உள்ளது. தொன்மையான ஓஷ் நகரம் தெற்கே பெர்கானாப் பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ளது. இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலை அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடந்து செல்கிறது. சுதந்திரம் பெற்ற காலத்தில் வடக்கையும் தெற்கையும் நாட்டுக்குள்ளேயே இணைக்கும் புகையிரதப் பாதை இருக்கவில்லை. சோவியத் பொறியியலாளர் ஒன்றியம் முழுவதையும் ஒரே நாடாக எண்ணிப் பாதை அமைத்தனர்; ஆதலின் தென்பகுதிப் பாதைகள் உஸ்பெக்கிஸ்தானுடன் இணைந்திருந்தன. வரைபடத்தில் அன்று வெறுங் கோடாக இருந்தது 1991இல் நாட்டெல்லையாக மாறியபோது, ஒரே நாட்டின் இரு பாதிகள் ஒன்றற்கொன்று தொலைதூரமாகிவிட்டன.

மக்களும் நினைவும்

கிர்கிஸ் மக்கள் துருக்கிய இனக்குடும்பத்தைச் சேர்ந்தவர், சுன்னி முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக மந்தை மேய்த்து வாழ்ந்தவர்கள். கோடையில் மலைமேலுள்ள புல்வெளிகளுக்குக் குதிரைகளோடும் ஆடுகளோடும் ஏறுவதும், குளிர்காலத்திற் பள்ளத்தாக்குக்கு இறங்குவதுமே அவர்களின் ஆண்டுச் சுழற்சி. கம்பளிக் கூடாரமே வீடு. அக்கூடாரத்தின் உச்சியிலுள்ள வட்டச் சாளரம் இன்று அந்நாட்டுத் தேசியக் கொடியின் நடுவே இடம்பெற்றிருக்கிறது.

எழுத்து மிகுதியாக வழங்காத அச்சமூகத்தின் வரலாறும் அறமும் இலக்கியமும் எல்லாம் 'மனாஸ்' என்னும் வாய்மொழிக் காவியத்தினுள் அடங்கியுள்ளன. அதனை ஓதுவோருக்கு 'மனாஸ்சி' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டிற் சயக்பாய் கரலாயெவ் என்னும் மனாஸ்சியிடமிருந்து எழுதிவைக்கப்பட்ட வடிவம் மட்டும் ஏறக்குறைய 5 இலட்சம் அடிகள் கொண்டது. ஒருவர் நினைவில் இத்துணை அடிகள் தங்கியிருந்தன என்பது எழுத்தை நம்பி வாழும் நமக்கு வியப்பைத் தருவதொன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலம் ருஷ்யப் பேரரசின் கைப்பட்டது. முதல் உலகப்போரின் நடுவே, 1916இல், போர்முனைக்குப் பின்னே வேலைசெய்ய ஆட்களைக் கட்டாயமாகத் திரட்ட ஸார் அரசு முற்பட்டபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. உயிர்தப்பப் பனிக்கணவாய்கள் வழியே சீனத்துக்கு ஓடியவர்களுட் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர்.

பின்னர் வந்த சோவியத் ஆட்சி கொடுத்ததும் உண்டு, பறித்ததும் உண்டு. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஆலைகளையும் அது அமைத்தது. அவ்வாட்சியே மேய்ச்சல் மக்களை வலிந்து கூட்டுப்பண்ணைகளிற் குடியேற்றியது. அவர்தம் மொழிக்கு அரபு, இலத்தீன், ருஷ்ய எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சில பத்தாண்டுகளுள்ளேயே மாற்றியது. கற்றறிந்த முதல் தலைமுறைத் தலைவர்களை 1938இற் கொன்றும் ஒழித்தது.

இவ்விரு முகங்களையும் ஒருசேரக் காட்டிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தொவ் ஆவார். மொஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் பதிப்புகளின் வழியே 'ஜமீலா' முதலிய அவர் கதைகள் நம்மிற் பலருக்கும் அறிமுகமானவை. 'முதல் ஆசிரியர்' என்ற கதையில், தானே அரைகுறையாகக் கற்ற ஓர் இளைஞன் பாழடைந்த குதிரை லாயமொன்றைப் பள்ளிக்கூடமாக்கிச் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கிறான். ஆசிரியத் தொழில் பூண்டோர் எவரும் அதனை உள்ளம் நெகிழாமற் படித்தல் இயலாது. இக்கதையை எழுதியவரின் தந்தையே 1938இல் அதே ஆட்சியினாற் சுட்டுக்கொல்லப்பட்டவர் என்பதையும் நாம் சேர்த்தே எண்ணவேண்டும்.

இன்று மக்களில் நான்கில் மூன்று பங்கினர் கிர்கிஸ் இனத்தவர். தெற்கே வாழும் உஸ்பெக்கர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர். 1989இல் ஐந்தில் ஒருவராயிருந்த ருஷ்யர், பெருந்தொகையாக வெளியேறி, இன்று இருபதில் ஒருவர் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டனர். கிர்கிஸ் மொழி அரசமொழியாகவும், ருஷ்ய மொழி அலுவல் மொழியாகவும் அரசியல் யாப்பில் இடம்பெற்றுள்ளன. மொழி வகையில் இணக்கம் காணப்பட்டபோதிலும், நில வகையில் அது காணப்படவில்லை. தெற்கே நிலமும் வேலையும் நகர அதிகாரமும் பற்றிய பூசல் 1990இல் ஒருமுறையும் 2010 ஜூனில் மறுமுறையும் கிர்கிஸ்-உஸ்பெக் இனக்கலவரமாக வெடித்தது. 2010இல் மாண்டோர் நானூற்றுக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பான்மையோர் உஸ்பெக்கர். தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன. அக்காயம் ஆறிவிட்டது என்று கூற எனக்குத் துணிவில்லை.

கீழ்நோக்கி ஓடும் நீர்

இனி, நீரின் கதைக்கு வருவோம். நாட்டின் நடுவே பிறக்கும் நாரின் ஆறு மேற்கே ஓடி, உஸ்பெக்கிஸ்தானுக்குட் புகுந்து, காரா-தார்யா என்னும் ஆற்றோடு கலந்து சிர்தார்யாப் பேராறாகிறது. பெர்கானாவின் பருத்தி வயல்களும், கஸகஸ்தானின் தென்பகுதி வயல்களும் இந்நீரைக் கொண்டே விளைகின்றன.

சோவியத் ஆட்சியினர் நாரின் ஆற்றின் குறுக்கே 215 மீற்றர் உயரமான தொக்தகுல் அணையைக் கட்டினர். 19 பில்லியன் கனமீற்றருக்கு மேல் நீர் கொள்ளத்தக்க தேக்கம் அது. 1,200 மெகாவாட் மின்னாற்றல் தரவல்ல நிலையம் அதனோடு இணைந்தது. அதற்காகக் கெத்மென்-தோபே என்னும் வளமான பள்ளத்தாக்கு நீருள் மூழ்கிற்று. கிர்கிஸ் உழவனின் வயல் நீருள் மறைய, உஸ்பெக் உழவனின் பருத்தி நீர்பெற்றுச் செழித்தது. ஆயினும் அன்று அதற்கு ஒரு கைம்மாறு இருந்தது. கோடையிற் கிர்கிஸ்தான் நீரைத் திறந்துவிடும். குளிர்காலத்தில் உஸ்பெக்கிஸ்தானும் கஸகஸ்தானும் எரிவாயுவும் நிலக்கரியும் அனுப்பும். மொஸ்கோவிலிருந்த திட்டக்குழு இவ்விரு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுதிச் சமன்செய்தது.

1991க்குப் பின் அவ்வேடு கிழிந்தது. எரிவாயுவுக்கும் நிலக்கரிக்கும் சந்தை விலை கேட்கப்பட்டது. நீருக்கோ விலையில்லை, ஆறு இயற்கையின் கொடை என்று கீழ்நாட்டார் வாதித்தனர். விலைகொடுத்து எரிவாயு வாங்க இயலாத கிர்கிஸ்தான் தன் மக்களைக் குளிரிலிருந்து காக்கக் குளிர்காலத்திலேயே நீரைத் திறந்து மின்சாரம் பெறத் தொடங்கியது. இதன் விளைவாகக் குளிர்காலத்திற் கீழ்நாடுகளில் வெள்ளம். கோடையில் வயலுக்கு நீர்ப்பற்றாக்குறை. நீருக்கும் எரிபொருளுக்கும் ஈடுசெய்துகொள்ள 1998இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது; அது நீடித்துப் பயன்தரவில்லை. குளிர்கால வெள்ளத்தைத் தடுத்துத் தேக்குவதற்கென்றே கஸகஸ்தான் கொக்சராய் என்னுமிடத்தில் ஒரு நீர்த்தேக்கம் கட்டவேண்டியதாயிற்று. ஒரே ஆற்றின் மேலும் கீழும் இருந்த இரு அயலவர் பேசித் தீர்க்க முடியாததற்குச் செலவிட்ட பொருள் அது.

நாரின்மீது கம்பராத்தா என்னுமிடத்தில் மற்றொரு பேரணை கட்டவேண்டுமென்பது கிர்கிஸ்தானின் நெடுநாட் கனவு. உஸ்பெக்கிஸ்தானின் அன்றைய ஜனாதிபதி கரிமொவ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மத்திய ஆசியாவில் நீர்ப்பூசல் போராகவும் மாறக்கூடுமென 2012இல் எச்சரித்தார். 2016இல் அவர் மறைந்தபின் காற்று திசைமாறியது. 2023இல் கிர்கிஸ்தான், உஸ்பெக்கிஸ்தான், கஸகஸ்தான் ஆகிய மூன்று நாடுகளும் அவ்வணையைச் சேர்ந்தே கட்டுவதற்கு இணங்கின. திட்டமிட்ட ஆற்றல் 1,860 மெகாவாட். முன்பு போருக்குக் காரணமாகலாம் என அஞ்சப்பட்ட அணை இன்று கூட்டுச்சொத்தாகக் கருதப்படுகிறது. இப்பிராந்தியத்தில் அண்மையில் நிகழ்ந்த நல்ல மாற்றங்களுள் இதனையே நான் முதன்மையானதாகக் கொள்வேன்.

எனினும் அணை எழும்வரை குளிர்காலம் காத்திருக்காது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே பெறப்படுகிறது. தொக்தகுலில் நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டுகளில், நீரை ஏற்றுமதி செய்யும் இந்நாடு அயலாரிடமிருந்து மின்சாரத்தை இறக்குமதி செய்கிறது. 2023 ஓகஸ்டில் மின்துறைக்கு அவசரநிலையே பிரகடனமாயிற்று. மேலே பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்கிவருகின்றன.

பொன்னும் புலம்பெயர்ந்தோரும்

பொருளாதாரத்தின் மறுபக்கம் பொன். இசிக்-குல் ஏரிக்குத் தெற்கே, நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், பனியாறுகளின் அருகே குழிக்கப்படுகிறது கும்தோர்ச் சுரங்கம். 1997இல் உற்பத்தி தொடங்கிய இச்சுரங்கத்தைக் கனடிய நிறுவனங்கள் நடத்திவந்தன. சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியிற் பத்தில் ஒரு பங்கு இவ்வொரு குழியிலிருந்தே வந்தது. 1998இல் சயனைட் ஏற்றிச்சென்ற வண்டியொன்று ஆற்றில் வீழ்ந்து நீரை நஞ்சாக்கியதையும் மக்கள் மறக்கவில்லை. 2021இல் அரசு சுரங்கத்தைத் தன் வசப்படுத்தியது. மறு ஆண்டு உடன்பாட்டின் வழியே அது முழுவதும் அரசுடைமையாயிற்று.

ஆனால் நாட்டு மக்களை வாழவைப்பது பொன்னன்று. மொஸ்கோவிலும் பிற ருஷ்ய நகரங்களிலும் கட்டடம் கட்டியும், தெரு கூட்டியும், வண்டியோட்டியும், கடையில் நின்றும் உழைக்கும் பல இலட்சம் கிர்கிஸ் மக்கள் அனுப்பும் பணமே பல ஆண்டுகளில் நாட்டு உற்பத்தியிற் கால் பங்குக்கு மேற்பட்டதாயிருந்தது. 2015இல் ருஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்திற் கிர்கிஸ்தான் சேர்ந்தமைக்கு அத்தொழிலாளரின் நலனும் ஒரு முதன்மையான காரணம். இதனால் அவர்களுக்குச் சில உரிமைகள் கிட்டின. ஆயினும் 2024 மார்ச்சில் மொஸ்கோவின் புறத்தே இசையரங்கு ஒன்றிற் படுகொலை நிகழ்ந்தபின், மத்திய ஆசியத் தொழிலாளர் அனைவர்மீதும் ருஷ்யாவிற் கெடுபிடி மிகுந்தது. அந்நாட்டின் ஒரு சட்டமோ ஒரு சினமோ பிஷ்கெக்கின் வரவுசெலவை அசைக்க வல்லதாயிருக்கிறது.

இதன் மனித விலையை உணர விரும்புவோர் ஐத்மாத்தொவ் 1970இல் வெளியிட்ட 'வெள்ளைக் கப்பல்' என்னும் குறுநாவலைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கலாம். தாயும் தந்தையும் விட்டுச்செல்லப் பாட்டனிடம் வளரும் சிறுவன் ஒருவன், இசிக்-குல் ஏரியில் தொலைவிற் செல்லும் வெள்ளைக் கப்பலைத் தொலைநோக்கியாற் பார்க்கிறான். அதில் தன் தந்தை மாலுமியாக இருக்கிறார் என்று நம்பி, மீனாக மாறி நீந்திச்சென்று அவரை அடையக் கனவு காண்கிறான். இன்று கிர்கிஸ்தானின் சிற்றூர்களிற் பாட்டன் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் மிகப்பலர். பெற்றோர் ருஷ்யாவில் உள்ளனர். கைத்தொலைபேசியில் முகம் காண்கின்றனர். ஐத்மாத்தொவ் ஒரு சிறுவனின் தனித்துயராக எழுதியது ஒரு தலைமுறையின் பொதுநிலையாகிவிட்டது. பொருளியல் ஏட்டில் இது 'வெளிநாட்டு வருவாய்' என்ற வரியில் வரவாகவே நிற்கிறது.

நிற்க. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒன்பது சதவீத அளவிலான வளர்ச்சியை அரசுக் கணக்குகள் காட்டின. 2022இல் உக்ரேன்மீது ருஷ்யா படையெடுத்தபின், மேலைநாடுகளின் தடைகளாற் பிற வழிகள் அடைபட்ட ருஷ்யச் சந்தைக்குக் கிர்கிஸ்தான் வழியாகச் சரக்குகள் பெருகிச் சென்றது இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணம். பிறர் போரினால் வந்த வாணிபம் அப்போரோடு போகவும் கூடும்.

மூன்று எழுச்சிகள்

அரசியலை நோக்குவோம். சுதந்திர நாட்டின் முதல் ஜனாதிபதி அஸ்கார் அக்காயெவ் கட்சிச் செயலாளராக வளர்ந்தவரல்லர், பௌதிக அறிஞர். மத்திய ஆசியாவில் முதலாவதாக 1993இல் 'சொம்' என்னும் தனி நாணயம் வெளியிட்டதும், முன்னாட் சோவியத் நாடுகளுள் முதலாவதாக 1998இல் உலக வர்த்தக அமைப்பிற் சேர்ந்ததும் அவர் காலத்தே. ஆனால் ஆண்டுகள் செல்ல ஆட்சி குடும்பச் சொத்தாயிற்று. 2005 மார்ச்சில் தேர்தல் முறைகேட்டால் வெகுண்ட மக்கள் அரசமாளிகையுட் புகுந்தனர். அவர் மொஸ்கோவுக்கு ஓடினார்.

அடுத்து வந்த குர்மான்பெக் பாக்கியெவ் அதே வழியில் மேலும் விரைந்து சென்றார். 2010இன் தொடக்கத்தில் அவரது அரசு மின்சாரக் கட்டணத்தைப் பன்மடங்காக உயர்த்தியது. ஏப்ரலில் தலைநகரில் திரண்டோர்மீது துப்பாக்கி பேசியது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர் பெலாருஸில் அடைக்கலம் புகுந்தார். நீரும் அரசும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை இங்கே நன்கு காணலாம். கட்டணம் உயர்த்திய அரசு கவிழ்ந்ததைக் கண்ட பின்வந்தோர் பல்லாண்டுகள் அதனைத் தொட அஞ்சினர். மலிவான கட்டணத்தாற் கம்பிகளும் இயந்திரங்களும் பேணப்படவில்லை; பேணாமையால் மின்சாரம் குன்றியது; மின்சாரம் குன்றியதால் மக்கள் சினம் மிகுந்தது.

இடைக்கால ஜனாதிபதியான ரோஸா ஒட்டுன்பாயெவா அம்மையார் பாராளுமன்றத்துக்கு மிகுந்த அதிகாரம் தரும் அரசியல் யாப்பை வகுத்து, 2011 டிசம்பரிற் பதவியை அமைதியாக ஒப்படைத்து விலகினார். மத்திய ஆசியாவின் முதற்பெண் ஜனாதிபதி ஆகிய அவர், தாமாகவே பதவி துறந்து காட்டியதே அந்நாட்டு அரசியலுக்குச் செய்த பெருந்தொண்டு என்பேன். ஆனால் பாராளுமன்ற ஆட்சி கட்சிப் பேரமாகவும் பதவி வாணிபமாகவும் மக்கள் கண்ணிற் பட்டது. 2020 ஒக்டோபரில் மூன்றாம் எழுச்சி மூண்டது. கும்தோரை அரசுடைமையாக்கக் கோரிய 2013ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையொட்டிய வழக்கிற் சிறைப்பட்டிருந்த சதிர் ஜபாரொவை ஆதரவாளர் விடுவித்தனர். சில நாட்களிற் பிரதமரான அவர், 2021 ஜனவரியில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 வாக்கு விகிதத்தில் ஜனாதிபதியாகத் தெரிவானார். அவ்வாண்டே புதிய யாப்பு அதிகாரத்தை ஜனாதிபதியிடம் குவித்தது.

அவர் ஆட்சியின் பயன்களை மறுத்தல் நேர்மையன்று. பொற்சுரங்கம் நாட்டுடைமையாயிற்று. 2021இலும் 2022இலும் இரத்தம் சிந்திய தாஜிகிஸ்தான் எல்லை 2025 மார்ச் 13ஆம் நாள் உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. ஆனால் அதே ஆட்சியில், எல்லையருகேயுள்ள கெம்பிர்-அபாத் நீர்த்தேக்கத்தை உஸ்பெக்கிஸ்தானுக்கு விட்டுக்கொடுப்பதை எதிர்த்த பலர் 2022இற் சிறைவைக்கப்பட்டு, 2024இலேயே குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டனர். 'குளூப்' என்னும் புலனாய்வுச் செய்தி நிறுவனத்தைக் கலைக்குமாறு 2024இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றுமுறை அரசைத் தூக்கியெறிந்த மக்கள் களைத்துப்போய் ஒழுங்கை விரும்புகின்றனர் என்று சிலர் கூறுவர். இருக்கலாம். ஆனால் எழுச்சி நிகழ்ந்தது பேச்சு மிகுந்ததாலன்று. கேட்க வேண்டியவர் கேளாமையால். கேள்வி கேட்போர் வாயை அடைத்துவிட்டால் நான்காம் எழுச்சியின் விதையைத்தான் ஊன்றியவராவோம்.

பிஷ்கெக் நகருக்கு அருகே 'அத்தா-பெயித்' என்னும் நினைவிடம் ஒன்றுண்டு. 'தந்தையர் கல்லறை' என்று பொருள். 1938இற் சுடப்பட்டுச் செங்கற் சூளையொன்றில் இரகசியமாகப் புதைக்கப்பட்டோரின் எலும்புகள் 1991இல் அங்கே கண்டெடுக்கப்பட்டன. காவலர் ஒருவர் இறக்கும் தறுவாயில் மகளிடம் கூறிச்சென்ற செய்தியே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. எழுத்தாளரின் தந்தையும் அவருள் ஒருவர். 2008இல் மறைந்த ஐத்மாத்தொவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2010இல் வீழ்ந்தோரும் அங்கே உள்ளனர். 1916இல் மாண்டோருக்கான நினைவுச்சின்னமும் அங்கே எழுந்துள்ளது. ஸார் ஆட்சி, ஸ்டாலின் ஆட்சி, சொந்த ஆட்சி என மூன்றுக்கும் பலியானோர் ஒரே மண்ணில் நினைவுகூரப்படுகின்றனர்.

இனி வருங்காலம் எவ்வாறிருக்கும்? சீனத்தின் கஷ்கரிலிருந்து கிர்கிஸ் மலைகளைத் துளைத்து உஸ்பெக்கிஸ்தானின் ஆந்திஜானுக்குச் செல்லும் புகையிரதப் பாதைக்கு 2024 ஜூனில் ஒப்பந்தமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வேலையும் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே நாட்டின் வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனருக்கே உரியது. பாதை முடிந்தால் நாடு கடலுக்கு அணுக்கமாகும். ஆனால் சீனச் சரக்கு மேற்கே செல்லும் வழியாக மட்டும் அது அமையுமாயின், கிர்கிஸ்தானுக்குக் கிடைப்பது வழிச்சுங்கமும் கடன்சுமையுமே.

இத்தகைய திட்டங்களின் வெற்றியை அணையின் உயரத்தாலும் பாதையின் நீளத்தாலும் அளப்பது அரசுகளின் வழக்கம். நான் வேறோர் அளவை வேண்டுவேன். கம்பராத்தாவின் மின்சாரம் தெற்கேயுள்ள சிற்றூர்களில் ஆலைகளையும் பட்டறைகளையும் இயக்கி, மொஸ்கோவிலுள்ள தந்தை ஊர் திரும்பிப் பிழைக்க இடந்தருமா, அன்றி நீரைப்போல் அம்மின்சாரமும் எல்லைகடந்து விற்பனைக்கே போகுமா என்பதை அடுத்துவரும் ஆண்டுகள் காட்டும். பாட்டனிடம் வளரும் பிள்ளைகளின் தொகை ஓர் ஊரிலேனும் குறைகிறது என்ற செய்தி வரும் நாளில், அந்நாடு தன் சுதந்திரத்தின் பயனை நுகரத் தொடங்கிவிட்டது என்று நாம் கொள்ளலாம்.